தேன் பாட்டிலில் இருந்த பாட்டை எடுத்துவிட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் கடையிலிருந்து எழுதுகிறோம். இரண்டு மாதமாக மலைத்தேன் பாட்டிலில் வெறும் வெள்ளைச் சீட்டுதான் ஒட்டியிருக்கிறது. “முன்னே இருந்த பாட்டு எங்கே? இது வேற தேனா?” என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். விலையும் கிலோவுக்கு 60 ரூபாய் ஏறியிருக்கிறது. தேன் அதே தேன்தான். மற்றதெல்லாம் ஏன் மாறியது என்று சொல்லவேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

நம் தேன், அகத்தியமலையில் காரையாறு, சேர்வலாறு பக்கத்தில் வாழும் காணி என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகளிலிருந்து வருகிறது. போன வருஷம் லேபிள் அடித்தபோது, அங்கே ஒரு பெரியவர் பாடக் கேட்டு எழுதி வைத்திருந்த பாட்டின் நாலு வரியை அதில் போட்டோம். வெளியூர்க்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது, விற்பனையும் கூடியது. பாடியவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சித்திரையில் அவரே பேத்தியோடு தேன் டின் இறக்க வந்தார். பாட்டிலை எடுத்துப் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் மூன்றாவது வரிக்கு வருமுன்னே பாட்டிலைத் திருப்பி வாங்கி, லேபிள் சுவரைப் பார்க்கும்படி அலமாரியில் வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, இது சீக்காளி முன்னால இருந்து பாடுறது. கடையில வைக்கக்கூடாது.”

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. டீயைக் குடித்துவிட்டு, டின் கணக்கை முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். எங்களுக்குத்தான் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. காணிகளில் வைத்தியமும் பூசையும் பார்ப்பவரைப் பிலாத்தி என்பார்கள். நோய் தீர வேண்டிக் கொக்கரை என்ற இரும்புக் குழலைக் கம்பியால் உரசிக்கொண்டு அவர் பாடுவது சாற்றுப்பாட்டு. ஒரு உயிருக்காகப் பாடுகிற பாட்டை நாங்கள் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறோம். கடையில் மீதி இருந்த பாட்டில்களை எல்லாம் வெந்நீரில் ஊறவைத்து, விடிய விடிய உட்கார்ந்து லேபிளை உரித்தோம்.

இதே அகத்தியமலையின் மேற்குச் சரிவில் 1987-ல் நடந்ததை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். ஆய்வுக்கு மலையேறிய விஞ்ஞானிகள் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். வழிகாட்டிகளாகப் போன காணிகளோ ஒரு சின்னக் காயைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அது என்ன செடி என்று சொல்ல முதலில் அவர்கள் சம்மதிக்கவில்லை. வெளியாளுக்குச் சொல்லக்கூடாது என்பது வழக்கம். பிறகு அவர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் அதைத் தயாரிக்கும் உரிமை 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 சதவீதப் பங்குக்கும் ஒரு ஆயுர்வேத நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. வந்ததில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்காக ஒரு அறக்கட்டளை பதிவானது. பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2002-ல்தான் வந்தது. அதற்கு முன்பே இப்படிப் பங்கு கொடுத்தது பெரிய காரியம். உலகமே அதைப் பேசியது. ஆனாலும் “எங்களைக் கேட்காமல் எங்கள் வைத்தியத்தை விற்றுவிட்டார்கள்” என்று பிலாத்திகள் சிலர் மனம் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறோம். நாலு பேர் சம்மதம் ஒரு சமூகத்தின் சம்மதம் ஆகிவிடாது.

ஆகவே வைகாசியில் நாங்கள் மேலே போனபோது அந்தப் பெரியவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பவில்லை. ஊர்த்தலைவரான மூட்டுக்காணி முன்னால் எல்லாரும் கூடியிருக்கும்போது கேட்டோம். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். பெண்கள்தான் அதிகம் பேசினார்கள்.

தேன் எடுக்கும் விதத்தைத் தாராளமாகச் சொல்லலாம் என்றார்கள். பெருந்தேனீ, அடையின் மேல்பக்கம் தேனையும் கீழ்ப்பக்கம் புழுக்களையும் வைக்கும். தேன் இருக்கிற துண்டை மட்டும் அறுத்துக்கொண்டு புழு அடையை விட்டுவிட்டால், ஈ திரும்ப வந்து கட்டும். அப்படி எடுக்க நேரமும் நிதானமும் வேண்டும், கிடைப்பதும் குறைவு. கூடியிருக்கிற 60 ரூபாயில் 35 தேன் எடுப்பவர் கைக்கு, 25 குடியிருப்பின் பொதுநிதிக்கு. எங்கள் லாபம் பழையபடியே. கணக்கு நோட்டு கல்லாவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது, யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

மூலிகை விஷயத்தில் மட்டும் ஒரு வேண்டுகோள். “அந்த மலைக்காரங்க மூட்டுவலிக்கு என்னமோ கொடுப்பாங்களாமே, வாங்கித் தாங்க” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். இனி அது எங்கள் கடையில் கிடையாது.

நம் வில்லுப்பாட்டுக்காரர்கள் காப்புப் பாடி, குருவடி பாடி, யாரிடம் கற்றோம் என்று சபைக்குச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போவார்கள். சொரிமுத்தையன் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை போடுகிறோமே, அவர் அடுத்தவர் மாட்டைக் காக்கப்போய் உயிரை விட்டவர். சின்ன வயதிலிருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாங்கள் இன்னொருவர் பாட்டைக் கேட்காமல் எடுத்தோமே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

மலைத்தேனில் நீர்ச்சத்து அதிகம். காய்ச்சாமல், வடிகட்டி மட்டும் கொடுக்கிறோம்; அதனால் மேலே நுரை கட்டும், பயப்பட வேண்டாம். இந்த வருஷத் தேன் ஆடியோடு முடிந்துவிடும். அதன்பின் அடுத்த சித்திரைக்குத்தான். ஆடி அமாவாசைக்குக் கடை மூன்று நாள் அடைப்பு.

பழைய லேபிள் ஒட்டிய பாட்டில் வீட்டில் இருந்தால், காலியானதானாலும் கொண்டுவாருங்கள். லேபிளை எடுத்துவிட்டு, பாட்டிலுக்கு 20 ரூபாய் கழித்துக்கொள்கிறோம். வர முடியாத வெளியூர்க்காரர்கள் தண்ணீரில் ஊறவைத்து நீங்களே உரித்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் வந்துவிடும்.