வடக்குக்கு ஹைவே எப்போது?

அன்புள்ள குமரன்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குச் சம்பந்தம் சரிவந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். நான் சுகம், முழங்கால்தான் அவ்வப்போது சண்டை பிடிக்கிறது.

கொழும்பிலிருந்து நாலு பக்கமும் ஹைவே போடுகிறார்களாம், எங்கள் பக்கம் எப்போது என்று கேட்டிருந்தாய். நாலு பக்கம் எங்கேயடா? முழுதாக ஓடுவது தெற்குக்குத்தான். கட்டுநாயக்கவில் ஏறினால் வெளிச்சுற்று வட்டப் பாதையால் கொட்டாவை, அங்கிருந்து காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்று ஒரு சிக்னல் விளக்குமில்லாமல் போய்ச் சேரலாம். கொட்டாவையிலிருந்து காலி வரையான முதல் துண்டு 2011 நவம்பரில் திறந்தது. 2014இல் மாத்தறை, 2020இல் அம்பாந்தோட்டை.

அண்மையில் மருமகனோடு மாத்தறைக்குப் போனேன். பழைய காலி வீதியில் பாணந்துறை, களுத்துறை, அம்பலாங்கொடை என்று சந்திக்குச் சந்தி பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து, காலிக்கே மூன்று மணித்தியாலம் எடுக்கும். இப்போது ஒரு மணித்தியாலம். கடல் மட்டும் கண்ணில் படாது, வழிநெடுக வயலும் ரப்பரும்தான். ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடமில்லை. வேகம் நூறு, மழை பிடித்தால் அறுபது என்று பலகை எரிகிறது. வழியில் வெலிப்பன்னை ஓய்விடத்தில் தேநீர் குடித்தோம். விலையைக் கேட்டதும் இரண்டாவது கோப்பை ஆசை போய்விட்டது.

மகிந்த ராஜபக்ச தன் ஊரான அம்பாந்தோட்டைக்குப் போட்ட பாதை என்று நீ எழுதியதில் பாதிதான் சரி. ஜப்பான் கடனிலும் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனிலும் கொட்டாவை - காலி வேலை தொடங்கியபோது அவர் ஜனாதிபதியே இல்லை. ஆனால் மாத்தறையைத் தாண்டி, அவ்வளவு சனமில்லாத பக்கமாக மத்தளை விமான நிலையத்துக்கும் அம்பாந்தோட்டைக்கும் சீனக் கடனில் நீட்டியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கம் வரும் பாதையின் கதைதான் வேடிக்கை. கடவத்தை, மீரிகம, குருநாகல், தம்புள்ளை என்று மத்திய அதிவேக நெடுஞ்சாலையைத் திட்டமிட்டார்கள். முதலில் முடிந்தது நடுத்துண்டு! மீரிகமவிலிருந்து குருநாகல் வரை 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். கொழும்போடு இணைக்கும் கடவத்தைத் துண்டு அப்படியே நின்றது. அந்த ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரிக்க, அந்தத் துண்டுக்குக் கடன் கொடுத்த சீன வங்கியும் காசை நிறுத்தியது. கண்டி வீதியால் போகும்போதெல்லாம் பார்ப்பேன்: வெறும் தூண்கள், தலையில் துருப்பிடித்த கம்பிகள், அடியில் புல் மேயும் மாடுகள். 2025 செப்டெம்பரில்தான் மறுபடி வேலை தொடங்கியது.

அது முடிந்து, தம்புள்ளைத் துண்டும் முடிந்தாலும், அங்கிருந்து உன் வீட்டுக்கு யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதிதான். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி நடந்த நமக்கு அந்தப் பாதை திறந்திருப்பதே பெரிய காரியம் என்று ஒரு காலம் இருந்தது. இப்போது அப்படிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த முடியாது. யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் இரவிரவாக லொறியில் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் வருகின்றன. நல்ல பாதையின் தேவை அந்த லொறிக்காரனுக்குத்தான், மத்தளைக்கு அல்ல.

சரி, கலியாணச் சாமான் வாங்க வான் பிடித்து வருவதாக எழுதியிருக்கிறாய். புத்தளத்தால் வராதே. தம்புள்ளையால் வந்து குருநாகலில் ஹைவேயில் ஏறி மீரிகமவில் இறங்கு. அதற்குப் பிறகு நெரிசல்தான், ஆகவே விடியப் புறப்படு. எந்தக் கிழமை என்று முன்கூட்டியே சொன்னால் செட்டியார் தெருவுக்கு நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
ரவி
வெள்ளவத்தை