எட்டாம் நம்பர் எழுதும் நன்றி மடல்

என்னை ஆட வைத்தவர்களுக்கும் ஆட விட்டவர்களுக்கும் வணக்கம்.

இந்த சீசனோடு ரயில்வே கூடைப்பந்து அணியின் ஜெர்சியைக் கழற்றிவிட்டு கோச் ஆகிவிட்டேன். வாழ்த்தியவர்கள் எல்லாரும் "உன் உழைப்புக்குக் கிடைத்தது" என்றீர்கள். உழைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னைவிட நன்றாக ஆடிய பெண்கள் பலர் பிளஸ் டூவோடு பந்தை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வாய்க்காத ஆட்கள் எனக்கு வாய்த்தார்கள், அவ்வளவுதான்.

பெரியகுளத்தில் கோடை என்றால் மாம்பழம், அப்புறம் சில்வர் ஜூபிலி கிளப்பின் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி. ராத்திரி லைட் வெளிச்சத்தில் ஆண்கள் ஆடுவதைப் பார்த்து ஊரே கைதட்டும். பெண் பிள்ளையும் ஆடலாம் என்று காட்டியவர் எங்கள் பி.டி. டீச்சர். பள்ளியில் இருந்ததெல்லாம் ஆண்கள் ஆடும் ஏழாம் சைஸ் பந்து. பெண்களுக்கானது ஆறாம் சைஸ். கைக்குள் அடங்கும், எடையும் குறைவு. அதைத் தன் சம்பளத்தில் வாங்கி வந்தார். ஷார்ட்ஸ் போடக்கூடாது என்ற அப்பாவிடம், "முதலில் டிராக் பேண்ட்டில் ஆடட்டும், சார்" என்று இறங்கிப் பேசி அனுமதி வாங்கியவரும் அவர்தான். டீச்சர், அப்பா இப்போது என் பழைய மேட்ச் போட்டோவை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறார். ஷார்ட்ஸ் போட்ட போட்டோதான்!

சென்னையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி. காலேஜ் கோச், வலது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி இடது கையாலேயே லே-அப் (கூடைக்குப் பக்கத்தில் ஓடிவந்து எகிறிப் போடும் ஷாட்) போட வைத்தார். திட்டிக்கொண்டே போட்டோம், வேலை தேடி டிரையலுக்குப் போனபோது அந்த இடது கைதான் காப்பாற்றியது. மெஸ் அக்காவை யாரும் மேடையில் கூப்பிட்டதில்லை. பிராக்டிஸ் முடிந்து வருவதற்குள் மெஸ் மூடிவிடும். எங்களுக்கான சோறும் முட்டையும் மட்டும் மூடிபோட்டுத் தனியாக இருக்கும். அக்கா, அந்த முட்டை கணக்கில் வராதது என்று எனக்குத் தெரியும். ஓ.டி.யில் (ஆன் டியூட்டி, மேட்சுக்காக வகுப்புக்கு வராமல் இருக்க அனுமதி) போன நாட்களின் நோட்ஸை எழுதிக்கொடுத்த தோழிகளுக்கு என் டிகிரியில் பாதி சொந்தம்.

பிறகு ரயில்வே வேலை. நேஷனல்ஸில் இந்தியன் ரயில்வேக்குத் தனி அணி. அதனால் தமிழ்நாட்டுக்கு எதிராகவே ஆட வேண்டி வரும். எதிரணியில் என்னோடு ஒரே ரூமில் வளர்ந்த தங்கைகள்! அன்று முழங்கையால் இடித்துவிட்டு ராத்திரி ஐஸ் பேக் கொண்டுவந்து கொடுத்தவளுக்கும் நன்றி.

முட்டியில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்தபோது, ஊசி போட்டுக்கொண்டாவது இறங்கு என்று ஒருவர் வற்புறுத்தினார். முடியாது என்று எனக்காகச் சண்டை போட்டவர் பிசியோ. இன்று நான் படி ஏறுவது அவர் தயவு.

2017 ஜூலையில் பெங்களூரில் பெண்கள் ஆசியக் கோப்பையின் டிவிஷன் பி, அதாவது இரண்டாம் நிலைப் பிரிவின், இறுதிப் போட்டி. கஜகஸ்தானை 75–73 என்று இந்தியப் பெண்கள் வென்றார்கள். அந்த அணியில் இருந்தவர் எங்கள் சென்னையின் அனிதா பால்துரை. 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார். குழந்தை பெற்ற பிறகும் இந்தியாவுக்கு ஆடியவர். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் பிரசவத்துக்குப் பின் இனி ஆட வேண்டுமா என்று என் வீட்டில் பேச்சு எழும்போதெல்லாம் அவர் பெயரைத்தான் எடுத்துப் போட்டேன். ஆக, அவருக்கும் ஒரு நன்றி.

கோச்சிங் டிப்ளமா படிக்க பாட்டியாலாவில் உள்ள என்.ஐ.எஸ். என்ற தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்துக்குப் போக வேண்டியிருந்தது. மகளுக்கு அப்போது பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "படிச்சிட்டு வா, புள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றார் அத்தை. அவருக்குக் கூடைப்பந்து பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. விசில், வியர்வை, வெயில் என்று அலுத்துக்கொள்வார். பிடிக்காத ஒன்றுக்காக அவர் செய்ததற்கு முன்னால், பிடித்ததற்காக நான் ஓடிய ஓட்டம் பெரிதில்லை.

இப்போது மாலையில் மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பணம் வாங்குவதில்லை. பழைய ஷூ, ஆறாம் சைஸ் பந்து எது கிடந்தாலும் கொடுத்தனுப்புங்கள். ஷார்ட்ஸுக்குத் தடை சொல்லும் அப்பாக்கள் இருந்தால் நம்பர் தாருங்கள், பி.டி. டீச்சர் பேசத் தயார் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் எட்டாம் நம்பர்