குழந்தைகளுக்கு மலையேற்றச் சாதனங்கள் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் மலையேற்றச் சாதனங்களைத் தயாரித்தும் தருவித்தும் விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பள்ளி சேரும் வயதுகூட ஆகாத பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு மலைக்குச் செல்லும் பெற்றோர்களில் ஒருத்தியாக இதை எழுதுகிறேன். பெரியவர்களுக்கான ஸ்லீப்பிங் பேக் (குளிரில் உள்ளே புகுந்து உறங்கும் பை) வாங்க வந்தால் அதன் எடை, அது தாங்கும் குளிர், உள்ளே அடைத்திருக்கும் பொருள் ஆகிய மூன்றும் அட்டையில் அச்சாகியிருக்கின்றன. அதே கடையில் குழந்தைகளுக்கானதை எடுத்துப் பார்த்தால் நிறமும் படமும் இருக்கும் அளவுக்கு விவரம் இருப்பதில்லை. பல பொருள்களில் எடைகூடக் குறிக்கப்படுவதில்லை. என் முதல் முறையீடு இந்த எடையைப் பற்றியது.

மைய அரசு 2020இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. சமதளத்தில் நடக்கும் பிள்ளைக்கே அதுதான் வரம்பு என்றால் மலையேறும் பிள்ளைக்கு அதைவிடக் கூட்ட நியாயமில்லை. 20 கிலோ எடையுள்ள ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கில் 2 கிலோ கிடைக்கிறது. அரை லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, ஸ்வெட்டர், தின்பதற்குக் கொஞ்சம் கடலை மிட்டாய், ஒரு விசில், சிறு டார்ச் என்று வைத்தாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. வெறும் பையே 700, 800 கிராம் இருந்தால் எதை எடுத்து வெளியே வைப்பது? மேலும், குழந்தையால் தூக்க முடியாத ஒவ்வொன்றும் தாய் தந்தையின் முதுகுக்குத்தான் வந்து சேர்கிறது. களைத்துப்போனால் குழந்தையும் அதே முதுகில்தான் ஏறுகிறது. குழந்தையை உட்காரவைத்து முதுகில் தூக்கிச் செல்லும், சட்டகம் பொருத்திய சுமப்பான்கள் பலவும் வெறுமையாகவே 3 கிலோவுக்கு மேல் இருக்கின்றன. அதனால்தான் குழந்தைகளின் பொருள்களில் குறையும் ஒவ்வொரு நூறு கிராமையும் நாங்கள் பெரிதாக எண்ணுகிறோம்.

பெரியவர்களின் முதுகுப்பையைச் சிறிதாக வெட்டித் தைத்துவிட்டால் அது குழந்தைகளின் பை ஆகிவிடாது. இடுப்புப் பட்டை எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் மேல் அமர்வதால்தான். சிறு பிள்ளைகளுக்கு அந்த எலும்பு இன்னும் அகன்று வளர்ந்திருப்பதில்லை என்பதால் பட்டை நழுவி வயிற்றில் இறங்கிவிடுகிறது. அவர்களுக்குத் தேவை கனமான இடுப்புப் பட்டையன்று. தோள்பட்டைகள் விலகாமல் பிடிக்கும் மார்புப் பட்டையும், முதுகின் நீளத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் வசதியும்தான்.

ஸ்லீப்பிங் பேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் தோல் பரப்பு அதிகம் என்பதால் அவர்கள் பெரியவர்களைவிட விரைவாக வெப்பத்தை இழக்கிறார்கள். குளிர்கிறது என்று சொல்லத் தெரியாத வயதும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் உறைபனி படியும் இரவுகளில் ஒரு கூடாரத்துக்குள் இது சின்ன விஷயமில்லை. ஆனால் ஸ்லீப்பிங் பேக் தாங்கும் குளிரை அளப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 23537, குழந்தைகளுக்கான பைகளைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அதன் கணக்கு பெரியவர்களின் உடலை வைத்துப் போடப்பட்டது. அப்படியிருக்கக் குழந்தைகளின் பையில் ஒரு டிகிரி எண்ணை மட்டும் அச்சிட்டு விற்பது பெற்றோருக்குப் பொய்யான துணிவைத் தருகிறது. அந்த எண்ணை எப்படிக் கண்டறிந்தீர்கள் என்றும், எத்தனை சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு அது பொருந்தும் என்றும் சேர்த்தே அச்சிட வேண்டும். உயரத்தைச் சொல்லக் காரணம் உண்டு: பையின் கால்மாட்டில் வெற்றிடம் மிகுந்திருந்தால் அந்தக் காற்றையும் குழந்தையின் உடல்தான் சூடாக்க வேண்டியிருக்கும்.

எடை குறைய வேண்டும் என்று கேட்பவள், இறகு அடைத்த பையை வேண்டாம் என்பது முரணாகத் தோன்றலாம். இறகுதான் மிக லேசானது, ஐயமில்லை. ஆனால் நனைந்தால் அது கட்டிதட்டி வெப்பத்தைப் பிடிக்கும் ஆற்றலை இழந்துவிடும். படுக்கையை நனைப்பது இந்த வயதில் இயல்பு. ஆகவே எளிதில் துவைத்து உலர்த்தக்கூடிய செயற்கை இழை அடைத்து, நீளத்தையும் அகலத்தையும் பிள்ளையின் அளவுக்குக் குறைப்பதன் மூலமே எடையைக் குறையுங்கள். நடு இரவில் கழற்றி மாற்றக்கூடிய உள்ளுறை ஒன்றைக் கூடவே கொடுங்கள்.

கழுத்தருகே சுருக்குக் கயிறு வைப்பதையும் நிறுத்துங்கள். 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆடைகளில் தலைமறைப்பிலும் கழுத்திலும் இழுகயிறு கூடாது என்று ஐரோப்பியத் தரமான ஈஎன் 14682 சொல்கிறது. ஆடைக்குப் பொருந்தும் அந்த எச்சரிக்கை, இருட்டில் புரண்டு புரண்டு உறங்கும் பைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நம் நாட்டிலும் 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. பொம்மைக்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையை, குளிரில் குழந்தையைக் காக்க வேண்டிய பொருளுக்கும் நீங்களாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விலையைப் பற்றிய உங்கள் தயக்கம் புரிகிறது. இரண்டு ஆண்டில் சிறுத்துப்போகும் பொருளுக்குப் பெருந்தொகை கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள். கால்மாட்டில் ஜிப்பைத் திறந்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளும் பைகள் வெளிநாடுகளில் விற்பனையில் இருக்கின்றன. அந்த அமைப்பை இங்கே தைப்பது கடினமன்று. கூடவே, உங்கள் கடைகள் குழந்தைகளின் சாதனங்களை வாடகைக்கும் கொடுத்தால், ஒரு பிள்ளைக்குச் சிறுத்த பை துவைக்கப்பட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

அடுத்த குளிர்காலத்துக்கான சரக்கு தையலுக்குப் போகும் முன், குழந்தைகளுக்கான ஒவ்வொரு பையிலும் அதன் வெற்று எடையையும் பொருந்தும் உயரத்தையும் அச்சிடும் வேலையையாவது தொடங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிள்ளைகளோடு மலையேறும் ஒரு தாய்