எனாமல் ஜெல்லை நம் ஊர்க் கறைப் பற்களிலும் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்லின் கடினமான மேல் உறையான எனாமல் அரிக்கப்பட்டால் அதை மீண்டும் வளரச் செய்யும் புரத ஜெல் ஒன்றை இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி, 2025 நவம்பரில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் அதன் விவரங்களை வெளியிட்டார்கள். அதிலிருந்து, "சொத்தைப் பல்லை இனி அடைக்கவே வேண்டாமாமே?" என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். குழி விழுந்த சொத்தைக்கு இந்த ஜெல் மருந்தாகாது. அதை அடைக்கத்தான் வேண்டும்.

எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைத்தபின் நம்மிடம் இருப்பதில்லை என்பதால், எலும்பு கூடுவதைப் போல எனாமல் தானாகக் கூடுவதில்லை. ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்தில் அமெலோஜெனின் முதலான புரதங்கள் கட்டடத்துக்குச் சாரம் கட்டியதுபோல் நின்று, கால்சியமும் பாஸ்பேட்டும் ஒழுங்கான படிகங்களாக வளர வழிசெய்கின்றன. அந்த வேலையைச் செய்யும்படி வடிவமைத்த ஜெல்லைப் பல்லின்மேல் தடவினால், உமிழ்நீரிலுள்ள தாதுக்களைக் கொண்டு, பழைய படிகங்களின் தொடர்ச்சியாகவே புதியவை வளர்கின்றன. ஆனால், புதிதாக வளரும் அடுக்கின் தடிமன் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில்தான் இருக்கிறது. கடைவாய்ப் பல்லின் எனாமலோ இரண்டு மில்லிமீட்டர் வரை தடித்தது. ஆகவே தொடக்கநிலை அரிப்புக்கும் பல் கூச்சத்துக்குமே இதனால் பயன் கிடைக்கக்கூடும்.

எனினும், நம் பகுதிக்கு இந்த ஆய்வு மிக முக்கியமானது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். திண்டுக்கல் மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அங்கிருந்து வரும் பிள்ளைகளின் முன்பல்லைப் பஞ்சால் ஒற்றி எச்சிலை உலர்த்தினால், அதுவரை மங்கலாகத் தெரிந்த சுண்ணாம்புத் திட்டுகள் பளிச்சென்று தெரியும்; சில பற்களில் அவை பழுப்பேறியிருக்கும். இப்பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கவே கூசுகிறார்கள். பல் உருவாகும்போது ஃபுளோரைடு மிகுந்தால், வேலை முடிந்ததும் விலக வேண்டிய அதே அமெலோஜெனின் உரிய காலத்தில் விலகாமல் தங்கிவிடுகிறது. எனாமலின் உட்புறம் நுண்துளைகளோடு நின்றுபோகிறது. அமில அரிப்பு வேறு, இந்தக் குறை வேறு. ஒன்றில் பலன் தந்த ஜெல் மற்றொன்றிலும் பலன் தரும் என்று சோதிக்காமல் சொல்ல முடியாது. இந்த ஜெல்லில் ஃபுளோரைடு இல்லை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது.

ஆகவே, தமிழக அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இந்த ஆய்வாளர்களோடு தொடர்புகொண்டு, சிகிச்சைக்காகப் பிடுங்கப்படும் கறைப் பற்களை உரியவர்களின் ஒப்புதலோடு சேகரித்து, ஆய்வகச் சோதனையை இங்கேயே தொடங்க வேண்டும். பலன் உறுதியானால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் வட்டார அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். தனியார் கிளினிக்கில் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகளே இதில் பெரும்பாலோர்.

அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. மாற்று நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒவ்வோர் ஆழ்துளைக் கிணற்றின் அளவையும் ஊராட்சிகள் குழாயடியிலேயே எழுதி வைக்க வேண்டும். பல் உருவாகும் பருவத்திலுள்ள, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மாற்றுக் குடிநீரை முதலில் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
மதுரை.