டார்ச் அடிச்சா பச்சையா மின்னுதுன்னு பழசுன்னு எழுதிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, வீட்டுல சும்மா கிடக்கிற பழைய கலர் கண்ணாடி சாமானை ஆன்லைன்ல எப்படி விக்கிறதுன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல ஒரு வரி மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. யூவி டார்ச் (புற ஊதா ஒளி டார்ச்) அடிச்சு பாருங்க, பச்சையா மின்னுனா பழைய யுரேனியம் கிளாஸ், தைரியமா அப்படியே போட்டு வித்துடுங்கன்னு எழுதிட்டீங்க. நானும் ரொம்ப நாளா இதையேதான் நம்பிக்கிட்டு இருந்தேன், அதான் இந்த லெட்டர்.

கண்ணாடியில யுரேனியம் கலந்து மஞ்சளும் பச்சையுமா கலர் கொண்டு வர்ற வேலை பொஹீமியாவுல (இப்போ செக் நாட்டுல இருக்கு) 1830கள்லயே நடந்திருக்கு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்காவுல யுரேனியத்தை அரசாங்கம் கையில எடுத்துக்கிச்சு, 1958க்கு அப்புறம்தான் கண்ணாடி செய்றவங்களுக்கு மறுபடி கிடைச்சுது, அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் புதுசா செஞ்சுக்கிட்டுதான் இருக்காங்க. போன வருஷம் வார்த்த கிண்ணமும் அதே பச்சையில மின்னும், நூறு வருஷத்து கிண்ணமும் அதே பச்சையில மின்னும், இதுல வயசை எங்க போய் பாக்குறது? இன்னொண்ணு, மாங்கனீஸ் சேர்த்த கண்ணாடியும் மங்கலா பச்சை அடிக்கும், 365 நானோமீட்டர் (யூவி ஒளியோட அலைநீளம்) டார்ச்ல நல்லாவே தெரியும். அதை 395 டார்ச்ல காட்டினா பெருசா ஒண்ணும் இருக்காது, யுரேனியம் மட்டும் அப்பவும் பளிச்சுனு நிக்கும். ரெண்டு டார்ச்சும் வச்சு பாத்துட்டு யுரேனியம்னு எழுதுங்க, தப்பில்ல. "பழைய"ங்கிற வார்த்தையை சேர்க்கிறதுக்கு டார்ச் பத்தாது.

என் கதையை சொல்றேன். ஆம்பர் கலர்ல, அதாவது தேன் கலர்ல, பூவேலை போட்ட தட்டு ஒரு செட்டு கைக்கு வந்துச்சு. டிசைனை தேடிப் பாத்தா மாட்ரிட், ஃபெடரல் கிளாஸ் கம்பெனி 1930கள்ல போட்ட டிப்ரெஷன் கிளாஸ், அதாவது அமெரிக்காவுல பொருளாதார மந்தக் காலத்துல மலிவா அச்சுல வார்த்த கலர் கண்ணாடின்னு இருந்துச்சு. சந்தோஷத்துல அன்னிக்கே லிஸ்டிங் போட்டேன், வித்தும் போச்சு. வாங்குனவங்க ஒரு க்ளோஸ்அப் போட்டோ அனுப்பினாங்க, பூவேலைக்கு நடுவுல பொடியா 76ன்னு ரெண்டு எண். அதே கம்பெனி அதே டிசைனை 1976ல ரெகலக்‌ஷன்னு பேர் வச்சு திரும்ப போட்டிருக்கு, அந்த வருஷம்தான் 76. காசை திருப்பிக் குடுத்து மன்னிப்பும் கேட்டேன். சரி, இனிமே 76 இருக்கான்னு பாத்துட்டா போதும்னு நினைச்சேன், அங்கயும் ஒரு பொறி இருக்கு. ஃபெடரல் மூடினதும் அந்த அச்சையெல்லாம் இண்டியானா கிளாஸ் வாங்கி, 76ஐ எடுத்துட்டு பிங்க், நீலம்னு வேற கலர்ல எல்லாம் போட்டுச்சு. அதனால எண் இல்லன்னாலும் பழசுன்னு சொல்லிட முடியாது.

அதுக்கப்புறம் எனக்கு கலரை பாக்குறதுக்கு முன்னாடி தட்டை கவுத்து அடியை பாக்குற பழக்கம் வந்துடுச்சு. வருஷக்கணக்கா மேசையில வச்சு இழுத்த சாமான்னா, தரையில படுற அந்த வளையத்துல மட்டும் பொடிப்பொடியா கீறல் இருக்கும், ஒண்ணு இப்படி போகும் ஒண்ணு அப்படி போகும். எல்லாக் கீறலும் ஒரே திசையில, தரையில படாத குழியிலயும் இருந்தா யாரோ உப்புத்தாள் வச்சு தேய்ச்சிருக்காங்க. கீறலே இல்லைன்னா உடனே புதுசுன்னும் முடிவு கட்டாதீங்க, ஷோகேஸ்லயே காலம் தள்ளுன சாமானும் உண்டு. அடியில இருக்கிற முத்திரையையும் அவசரப்பட்டு படிக்க வேணாம். H எழுத்துக்கு கீழ சின்ன A இருந்தா அது ஹேசல் அட்லஸ் கம்பெனி, அதை எத்தனை பேர் ஆங்கர் ஹாக்கிங் கம்பெனின்னு போடுறாங்க தெரியுமா, ஆங்கர் ஹாக்கிங்கோட முத்திரையில நிஜமாவே ஒரு நங்கூரம் இருக்கும்.

சிவப்பு கலர்னா கொஞ்சம் கூடுதலா பாருங்க. தங்கம் போட்டு எடுத்த சிவப்பு இருக்கு, செலினியம் போட்டது இருக்கு, வெறும் வெள்ளைக் கண்ணாடி மேல சிவப்பு பூசினதும் இருக்கு. விளிம்புலயோ கீறல்லயோ வெள்ளை எட்டிப் பாத்துச்சுன்னா பூச்சுதான், அதை அப்படியே எழுதிடுங்க, அதுக்கும் ஆள் இருக்கு. ஊதா விஷயத்துல மாங்கனீஸ் கண்ணாடி வெயில்ல கிடந்து கிடந்து லேசா ஊதா ஆகும்ங்கிறது உண்மை. ஆனா கத்திரிக்காய் கலருக்கு கருஊதாவா இருந்தா, சாதாரண பழைய பாட்டிலுக்கு கதிர்வீச்சு குடுத்து மாத்தினதா இருக்க வாய்ப்பு அதிகம், எனக்கு அந்த வேலையை பாத்தாலே எரிச்சல் வரும், இருந்த பாட்டிலையும் கெடுத்துடுறாங்க.

உங்க கட்டுரையில பளபளன்னு எண்ணெய் தொட்டு துடைச்சுட்டு போட்டோ எடுக்க சொல்லியிருந்தீங்களே, தயவுசெஞ்சு அது வேணாம். உள்பக்கம் அரிச்சுப்போய் மங்கலான கண்ணாடி ஈரமா இருந்தாலோ எண்ணெய் பட்டாலோ தெளிவா தெரியும், காய்ஞ்சதும் மறுபடி வெளுக்கும், வாங்குறவங்க ஏமாத்திட்டான்னுதான் சொல்லுவாங்க. நல்லா காயவச்சு, வெள்ளைத்தாள் முன்னாடி பகல் வெளிச்சத்துல எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வைங்க, அடிப்பக்கம் ஒரு போட்டோ கண்டிப்பா இருக்கணும். விளிம்பை சுத்தி மெதுவா விரலை ஓட்டிப் பாருங்க, கண்ணுக்கு தப்புன சின்ன சில்லு விரலுக்கு தப்பாது, அதையும் போட்டோ எடுத்து போடுங்க. டார்ச் போட்டோ தனியா ஒண்ணு போதும், முதல் போட்டோவா அதை வைக்காதீங்க, நிஜ கலர் என்னன்னே தெரியாது.

அடுத்த வாரம் அதே பக்கத்துல ரெண்டு வரி திருத்தம் போட்டீங்கன்னா, இந்நேரம் டார்ச் வாங்கி வச்சிருக்கிறவங்க லிஸ்டிங் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தட்டை கவுத்து பாப்பாங்க.

இப்படிக்கு,
76ஐ பாக்காம விட்ட ஒரு வாசகர்