பழியைக் கர்த்தரிடம் விடுவதும் புகாரை விழுங்குவதும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

புனித வெள்ளி மும்மணி (மூன்று மணி நேர) ஆராதனையில் தியானிக்கப்படும், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதலாவது, மன்னிப்பைப் பற்றியது. அன்று பல ஆலயங்களில் ‘பழிவாங்குதல் எனக்குரியது’ என்ற வசனமும் கட்டாயம் எடுத்துச் சொல்லப்படும். அந்த வசனத்தை முழுமனதோடு நம்புகிறவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். அடிபட்ட மனைவியிடமும், கடன் கொடுத்து ஏமாந்தவரிடமும் “பேசாமல் ஜெபம் பண்ணுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி அனுப்புவதற்கு அது பயன்படக் கூடாது.

ரோமர் 12:19இல் அதை எழுதிய பவுல், ஐந்தே வசனம் தள்ளி 13:4இல், தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரியும் தேவ ஊழியக்காரன்தான் என்கிறார். கடவுள் பதில் செய்யும் வழிகளில் நீதிமன்றமும் ஒன்று. பவுல் நடந்துகொண்டதும் அப்படியே. பிலிப்பி பட்டணத்தில் அவரை விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். இரவில் துதித்துப் பாடினார். உயிரை விடத் துணிந்த சிறைக்காரனைத் தடுத்தார். விடிந்ததும் ரகசியமாகப் போய்விடச் சொன்னபோது மறுத்து, ரோமர்களாகிய எங்களை வெளியரங்கமாய் அடித்த அதிகாரிகளே வந்து அழைத்துப் போகட்டும் என்றார். பின்னர் எருசலேமில் 40 பேருக்கு மேல் அவரைக் கொல்லச் சபதம் செய்தபோது, சகோதரி மகன் மூலம் சேனாபதிக்குத் தகவல் அனுப்பினார். இவற்றில் எதுவும் பழிவாங்கல் இல்லை.

அப்படியானால் பழிவாங்கல் எது? 1 சாமுவேல் 24, 25 அதிகாரங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா என்கேதிக் குகையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், தாவீது அவன் சால்வைத் தொங்கலை மட்டுமே அறுத்தான். அதே தாவீது அடுத்த அதிகாரத்தில், 3,000 ஆடும் 1,000 வெள்ளாடும் வைத்திருந்த நாபால் “தாவீது என்பவன் யார்?” என்று இளக்காரமாகக் கேட்டதும், 400 பேரோடு பட்டயம் கட்டிப் புறப்பட்டுவிட்டான். உயிருக்கு வந்த ஆபத்தைப் பொறுத்தவனால் மரியாதைக்கு வந்த குறைவைப் பொறுக்க முடியவில்லை. நாபாலின் மந்தைகளைத் தான் காத்தது வீணாயிற்றே என்று, செய்த உதவியைக் கணக்குப் பார்த்ததுதான் கோபத்தை ஏற்றியது. சொன்னவன் ஒருவன், தாவீது வெட்டத் துணிந்தது அந்த வீட்டு ஆண்கள் அத்தனை பேரையும். நாபாலின் மனைவி அபிகாயில் 200 அப்பம், சமைத்த ஐந்து ஆடு, 200 அத்திப்பழ அடைகளோடு வழிமறித்தாள். புருஷன் செய்தது சரி என்று அவள் வாதாடவில்லை. காரணமில்லாமல் இரத்தம் சிந்தினால் பின்னாளில் அது உம் மனதை உறுத்தும் என்றாள்.

வித்தியாசம் இங்கே தெளிவாகிறது. புகார், விசாரிக்க அதிகாரமுள்ளவரிடம் போகிறது. தவறு செய்தவரோடு நிற்கிறது. தண்டனையின் அளவை வேறொருவர் தீர்மானிக்கிறார். பழிவாங்கல் கேட்பவர் எல்லாரிடமும் போகிறது; தவறு செய்தவரின் பிள்ளைகளையும் உறவினரையும் சேர்த்து அடிக்கிறது; அளவை நம் கோபமே வைக்கிறது.

சொல்லால் வரும் அவமானத்துக்கு எசேக்கியா ராஜாவின் முறையைப் பின்பற்றலாம் (2 இராஜாக்கள் 18, 19). அசீரிய ராஜா அனுப்பிய ரப்சாக்கே மதிலுக்கு வெளியே நின்று ஊர் கேட்க ஏசியபோது, யாரும் பதில் சொல்லக் கூடாது என்று ராஜா கட்டளையிட்டிருந்தான். நிந்தனைக் கடிதம் வந்தபோது அதை ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தான். இன்று சபை வாட்ஸ்ஆப் குழுவில் யாராவது இழிவாக எழுதினால், அங்கேயே பதில் எழுதாதீர்கள். எழுதினால் குழுவிலுள்ள அத்தனை பேரும் கட்சி சேர வேண்டியதாகிவிடும். தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர் பதிவை அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். பிறகு அதைக் கடவுள் முன் வாய்விட்டு வாசியுங்கள். கோபத்தை மெழுகிப் பேச வேண்டாம். 109ஆம் சங்கீதத்தில் எத்தனை கடுமையான வார்த்தைகள்! அவற்றைக் கொட்டுவதற்கான இடம் ஜெபம்தான்.

அதன்பின் மத்தேயு 18:15–17இன் வரிசை: முதலில் தனியாக அவரிடம், பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில் சபையில். நம்மில் பலர் கடைசிப் படியில் தொடங்குவதால்தான் சமரசம் கெடுகிறது. ஆனால் அடித்தவனிடமோ பாலியல் தொல்லை கொடுத்தவனிடமோ “தனியாகப் போய்ப் பேசு” என்று எந்தப் பெண்ணையும் அனுப்பாதீர்கள். அது அவளை மறுபடியும் ஆபத்தில் தள்ளுவது.

விசுவாசிகள் வழக்காடக் கூடாது என்று 1 கொரிந்தியர் 6 சொல்கிறதே என்பார்கள். அங்கே பவுல், சகோதரருக்குள் தீர்த்துவைக்க விவேகி ஒருவர்கூட உங்களில் இல்லையா என்றும் கேட்கிறார். நஷ்டத்தைச் சகிப்பது மேல் என்று அவர் சொல்வதும் உண்மை. அதை இழந்தவர் தானாக விரும்பிச் செய்யலாம்; ஏமாற்றியவரின் நண்பர்கள் கட்டாயப்படுத்த முடியாது. சபை விசாரிக்காமல் இழுத்தடிக்கையில் காலம் ஓடிவிடுகிறது. காசோலை திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம். அதுவும் கடந்தால் ஒரு மாதத்துக்குள் வழக்கு. கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். “பொறுங்கள் ஐயா” என்று சொல்லும் மூப்பர்கள் இந்தத் தேதிகளையும் சொல்ல வேண்டும்.

மன்னிப்பு ஒரே நாளில் முடிந்துவிடும் என்றும் பிரசங்கிக்க வேண்டாம். பகூரீம் என்ற ஊரில் தாவீதின்மேல் கல்லெறிந்து தூஷித்த சீமேயி என்பவனை வெட்ட, தாவீதின் வீரன் அபிசாய் துடித்தபோது தாவீது தடுத்தான். பிற்பாடு மன்னித்து ஆணையும் இட்டான். ஆனால் மரணப் படுக்கையில் அவனைச் சும்மா விடாதே என்று மகன் சாலொமோனிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். பழைய காயம் திரும்ப எரிந்தால் ஜெபத்தையும் திரும்பத் தொடங்க வேண்டும். அதற்காக யாரையும் விசுவாசமற்றவர் என்று ஏசக் கூடாது.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் புனித வெள்ளி ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் பெண்கள் உதவி எண் 181ஐ அச்சிடுங்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம் என்பதையும், நீதித்துறை நடுவரிடம் மனு போய்ச் சேர்ந்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணைத் தேதி வர வேண்டும் என்பதையும் அதன் கீழே சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர்,
பாளையங்கோட்டை