மாணவியருக்கும் மைதானம் வேண்டும்

ஐயா,

வளரிளம் பெண்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட ஆண்டுக்கொரு முறை மேடை போட்டுப் பேசவைக்கும் பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவர்களின் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரை வார்த்துவிடுகின்றன. தப்பிப் பிழைக்கும் பீரியடிலும் பையன்கள் ஸ்டம்பை நட்டுவிட்டால் மைதானம் அவர்களுடையது. பெண் பிள்ளைகள் மரத்தடியில் ரெக்கார்டு நோட்டு எழுதுவார்கள். ஆறாம் வகுப்பில் கோ-கோ ஆட்டத்தில் பாய்ந்து ஓடியவர்கள்தான் இவர்கள்.

ஆர்வமில்லை என்று சொல்வது சுலபம். துப்பட்டாவோடு ஓட முடியாது, மாதவிலக்கில் கறை பட்டுவிடுமோ என்ற பயம், சுற்றி நின்று பார்ப்பவர்களின் கமென்ட் என்று காரணங்கள் வேறு. உடை மாற்றத் தனியறை இல்லாத பள்ளியில், பி.டி. நாளன்று காலையிலேயே டிராக் பேன்ட், டி-ஷர்ட்டில் வர அனுமதித்தால் முதல் சிக்கல் தீரும். நாப்கின் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டிக் கிடக்காமல், கழிப்பறை அருகிலேயே இருக்கட்டும். யாரிடமாவது போய்க் கேட்க வேண்டியிருந்தால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள்.

பெரிய மைதானம் கிடைக்காவிட்டால் வளையப்பந்து (டென்னிகாய்ட்) ஆடலாம். அதன் களம் 12.2 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம்தான். கட்டடத்தின் பின்புறமே இரண்டு களம் போடலாம். இரட்டையர் ஆட்டம், ஏழு நிமிடத்துக்கு ஒரு மாற்றம் என்றால் 40 நிமிட பீரியடில் 40 பேரும் ஆடிவிடலாம். ஜெயித்தவர்கள் தொடரட்டும் என்று விட்டால்தான் கெடும்: அதே எட்டுப் பேர் மணியடிக்கும்வரை ஆடுவார்கள், கூச்சப்படுகிறவள் மறுபடி மரத்தடிக்குப் போய்விடுவாள்.

சீக்கிரம் மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15–19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31. பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்து ஒருத்தி வாந்தி எடுத்தால், அடுத்த வாரம் வகுப்பே மாத்திரையை ஜன்னல் வழியே வீசும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பந்தைத் தவறவிடும் பையனைப் 'பொம்பளை' என்று கேலி செய்வதும், விளையாட்டு பெண்ணுக்கு வராது என்று நினைக்கும் நோயின் மறுபக்கம். சில இடங்களில் அதைத் தொடங்கிவைப்பதே எங்களைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர்கள்தான்.

கல்வி அதிகாரிகள் பள்ளி ஆய்வுக்கு வரும்போது தேர்ச்சிப் பட்டியலோடு நிறுத்தாமல், சொல்லாமல் கொள்ளாமல் பி.டி. பீரியடில் மைதானத்தையும் எட்டிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியைகள் இருவர்,
பெரம்பலூர் மாவட்டம்.